ஒரு சாண் தறி

எனக்கு வாய் ஜாஸ்தி என்று ஆம்பூரில் பாதிப் பேர் சொல்வார்கள். மீதிப் பேர் என்னோடு பேசியதில்லை.

எண்பத்திரண்டு கடைசியில் நடந்தது. நான் ஷூ கம்பெனியில் தையல் மெஷின்காரி. ஒருநாள் ஆள் வரவில்லை என்று தோலின் ஓரத்தைச் சீவும் மெஷினில் உட்காரவைத்தார்கள். வலது கை மாட்டிக்கொண்டது. வேலூர் ஆஸ்பத்திரியில் நரம்பைத் தைத்துவிட்டார்கள். கட்டைப் பிரித்தால் நாலு விரலும் குச்சி குச்சியாக நிற்கின்றன, மடங்கவே இல்லை.

சூப்பர்வைசர் கிருபானந்தம் சார் ஆரஞ்சுப் பழத்தோடு பார்க்க வந்தார்.

"அமிர்தவள்ளி, பிப்ரவரி ஒன்னாந்தேதி வரைக்கும் உன் சீட்டை வெச்சிருக்கேன். கை மடங்கி வந்தா உனக்கு. இல்லன்னா வேற ஆளு."

என் சம்பளத்தில்தான் வீடு ஓடியது. அது ஒருபக்கம். தையல் மெஷினில் என்னை மிஞ்ச ஆளில்லை. விட்டுக்கொடுப்பேனா?

கைப்பயிற்சி கொடுக்கிற சாரா மேடம் என்னிடம் ஒரு சாண் மரச் சட்டத்தைத் தந்தார். மேலேயும் கீழேயும் வரிசையாக ஆணி. ஆணிக்கு ஆணி நூல் கட்டி, மொட்டை ஊசியில் இன்னொரு நூலை ஒன்று விட்டு ஒன்றாகக் குறுக்கே கோத்துப் போக வேண்டும்.

"இன்னா மேடம், பொம்மைக்குப் பாவாடையா?"

"எதுவோ ஒன்னு. விரல் ஊசியைப் புடிக்கணும், அவ்ளோதான்."

ஆணியைப் பார்த்ததும் எனக்குத் தைரியம் வந்துவிட்டது. எங்கள் அப்பா ரத்தினசாமி ஈரத்தோலை இழுத்துப் பலகையில் ஆணி அடிப்பவர். எவ்வளவு இழுக்கிறோமோ அவ்வளவு நல்லது. நானும் இடது கையாலும் பல்லாலும் நூலை இழுத்து இழுத்துக் கட்டினேன். நாலு நாளாக ஊசி நுழையவில்லை. ஐந்தாம் நாள் அழுதேன். ஆமாம், நான்தான் அழுதேன்.

சாரா மேடம் நூலைச் சுண்டிப் பார்த்தார். "யாருங்க இப்படிக் கட்டினது? என் கையாலயே ஊசி போவாது."

"தோலை அப்படித்தான் மேடம் இழுப்போம்."

"தோலு காயணும், இழுக்கறீங்க. இதுல இன்னொரு நூல் உள்ள போவணும்மா. வழி வுடுங்க."

அடச்சே! தப்பு கட்டினதில் இருக்க, நாலு நாளாகக் கையைத் திட்டியிருக்கிறேன். அவிழ்த்துத் தளர்வாகக் கட்டினேன். ஊசி போனது. அன்று மூன்று வரிசை, மறுநாள் எட்டு. ஜனவரி கடைசிக்குள் விரலகல நாடா நாலு நெய்துவிட்டேன். பக்கத்துக் கட்டில் அன்வரி பேகம் ஒன்றைப் பறித்துச் சாவிக்கொத்தில் கட்டிக்கொண்டார்.

ஒன்றாம் தேதி காலையில் கம்பெனி ஆபீஸில் போய் நின்றேன். மேஜையில் டைப் அடித்த தாள் ஒன்று, பக்கத்தில் கைநாட்டு மை டப்பா. நானாகவே வேலையை விட்டு நின்றுகொள்வதாகத் தாளில் இருந்தது.

"பேனா புடிக்க முடியாதேன்னுதான் மை வெச்சேன். மனசுல வெச்சிக்காத" என்றார் கிருபானந்தம் சார். பாவம், வருத்தமாகத்தான் சொன்னார்.

எனக்குச் சுள்ளென்று வந்தது.

"உங்க பேனாவைக் குடுங்க சார்."

கொடுத்தார். விரல்கள் மடங்கி அதைப் பிடித்தன. தாளைத் தள்ளிவிட்டு வருகைப் பதிவேட்டை இழுத்தேன். என் வரிசையில், அன்றைய தேதியில், அமிர்தவள்ளி என்று பெரிதாக எழுதினேன். பெயர் அடுத்த மூன்று தேதிகளுக்கும் போய்விட்டது.

சார் என் விரல்களையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு, "கட்டத்துக்குள்ள எழுதக் கூடாதா?" என்றார்.

"நாளைலேர்ந்து எழுதறேன் சார்" என்று சொல்லிவிட்டு மெஷினுக்குப் போனேன்.