சூடு கூடிய கலவை

அறுவை சிகிச்சைக்குப் பிறகு உடம்புக்குள்ளேயே கரைந்துபோகிற தையல் நூல் இருக்கிறதே, அதற்கான பாலிமரைக் காய்ச்சுவதுதான் என் வேலை. பட்டறை அக்கா கணவருடையது. நேரில் அத்தான் என்றுதான் கூப்பிடுவேன். மனதுக்குள் வேறு பெயர்களும் வைத்திருக்கிறேன்.

முதலில் ஒரு சரக்கைப் போட வேண்டும். அது சேர்ந்து முடிந்த பிறகுதான் இரண்டாவது. சூடு குறைவாக, நிதானமாக. அப்போதுதான் பாலிமரின் மூலக்கூறுச் சங்கிலியில் ஒவ்வொரு சரக்கும் தன் இனத்தோடு சேர்ந்து நிற்கும். சூட்டைக் கூட்டினால் சங்கிலிகள் அங்கங்கே அறுந்து, இடம் மாறி ஒட்டிக்கொள்ளும். சரக்கின் அளவு அதேதான் இருக்கும். வரிசை மட்டும் நாசம். அந்த நூலுக்குள் தண்ணீர் சீக்கிரம் புகுந்துவிடும். புண் ஆறுவதற்கு முன்பே தையல் விட்டுப்போகும்.

அன்று சாப்பிட்டுவிட்டு வந்து பார்த்தால் கலத்தின் சூடு கன்னாபின்னாவென்று ஏறியிருந்தது. வாங்குகிறவர்கள் சாயங்காலமே வருகிறார்களாம். அத்தான் தன் கையாலேயே கூட்டியிருக்கிறார்.

“அளவு பார்த்தாச்சு. ரெண்டும் சரியா இருக்கு,” என்றார்.

“அளவு சரியாத்தான் இருக்கும் அத்தான். வரிசை போச்சு.”

“வரிசையை யாரு பார்க்கப் போறா?”

எனக்குச் சுர்ரென்று ஏறியது. எங்கள் பட்டறையில், கழித்துக்கட்டிய கலவையில் கறுப்புச் சாயம் கொட்டிவிடுவோம். தவறிக்கூட அது நூலாகிவிடக் கூடாது என்று தொழில் தொடங்கிய புதிதில் அத்தானே கொண்டுவந்த ஏற்பாடு. நான் சாய டப்பாவை எடுத்தேன். அவர் கை நீட்டுவதற்குள் மொத்தத்தையும் கலத்தில் கவிழ்த்துவிட்டேன். கலக்கும் தண்டு சுற்றச் சுற்ற எல்லாம் கரியாகிப்போனது.

அத்தான் காலி டப்பாவை என் கையிலிருந்து பிடுங்கி எறிந்தார்.

“நாளையிலேருந்து நீ வர வேண்டாம். இதே சூட்டுல நானே போட்டுக்கறேன்.”

“போடுங்க. வாங்க வர்றவங்ககிட்ட நானே போய்ச் சொல்றேன்.”

“கூடப் பொறந்தவ குடும்பத்தையே கெடுப்பியா?”

“கெடுப்பேன். நாளைக்கு அக்காவுக்கே ஒரு ஆபரேஷன்னா இந்த நூலை வெச்சுத் தைக்கச் சொல்லுவீங்களா? சொல்லுவேன்னு சொல்லுங்க, நான் வாயை மூடிக்கிறேன்.”

சத்தம் கேட்டு, பொட்டலம் கட்டும் அறையிலிருந்து அக்கா வந்து வாசலில் நின்றிருந்தாள். கல்யாணமான நாளிலிருந்து எந்தச் சண்டையிலும் அவர் பக்கம்தான் பேசுவாள். இன்றைக்கும் எனக்குத்தான் திட்டு விழும் என்று நினைத்தேன். விழட்டும், நான் நகரப்போவதில்லை.

“சொல்லுங்க,” என்றாள் அக்கா, அவரைப் பார்த்து. “எனக்குப் போடச் சொல்லுவீங்களா?”

அத்தான் கலத்தைப் பார்த்தார். என்னைப் பார்த்தார். அவளை மட்டும் பார்க்கவில்லை.

அக்கா பொறுமையாகத்தான் காத்திருந்தாள். பிறகு கையுறையை மாட்டிக்கொண்டு என் பக்கம் வந்தாள்.

“கலத்தைக் காலி பண்ணு. வர்றவங்ககிட்ட நான் பேசிக்கறேன். மறுபடி போடு, உன் சூட்டுல.”

எனக்கு அழுகை வந்துவிட்டது. துடைத்துக்கொள்ளவில்லை. அவர் பார்க்கட்டும் என்று அழுதுகொண்டே சுரண்ட ஆரம்பித்தேன்.