உப்பளத்தில் எடுத்த பாட்டு

புதுமடத்துக்குத் தெற்கே வள்ளம் கவிழ்ந்து இரண்டு மணி நேரமாகிவிட்டது. மீன்பிடிக்கும் வேல்ராஜும், துபாயிலிருந்து லீவில் வந்து ஆசைக்காக அவனோடு கடலுக்கு வந்த ஹமீது சுல்தானும் கவிழ்ந்த வள்ளத்தைப் பிடித்தபடி மிதந்தார்கள். பள்ளிக்கூடத்திலிருந்தே இருவரும் சினிமாப் பைத்தியங்கள்.

சுல்தானின் கண்கள் செருகத் தொடங்கின. வேல்ராஜுக்குப் பயம் பிடித்தது. பெயர் சொல்லிக் கூப்பிட்டான், தோளை உலுக்கினான்.

"ஏலே, போன வாரம் பாத்தோமே, அந்தக் கப்பக்காரன் படம். அது குப்பைடா!" என்று கத்தினான்.

சுல்தான் மெல்லக் கண் திறந்தான். "எதுடா குப்பை?"

"படமா எடுத்த அந்த நாவல்ல அவன் ஊருக்குத் திரும்பவே மாட்டான். படத்துல ஆறு பாட்டப் போட்டுக் கூட்டியாந்துட்டாங்க."

"அந்தப் பாட்டுக்குத்தான்டா கூட்டமே வந்துச்சு."

"அப்ப வரிசையாச் சொல்லு."

சுல்தான் ஒவ்வொன்றாகச் சொன்னான். நான்காவது பாட்டில் குரல் அடங்கியது, கை நழுவியது. வேல்ராஜ் பாய்ந்து அவன் சட்டைக் காலரைப் பிடித்தான்.

"அஞ்சாவது மழையில எடுத்தது. பாக்கச் சகிக்கல!" என்று வேண்டுமென்றே பொய் சொன்னான்.

"மழையில இல்லடா, முட்டாப்பயலே... உப்பளத்துல."

"பொய். மழைதான்!"

"உப்பளம்டா!"

சண்டை ஓயவில்லை. சுல்தானின் குரல் தேய்ந்தபோதெல்லாம் வேல்ராஜ் இன்னொரு காட்சியைத் திட்டினான். கடைசியில் கிழக்கே எஞ்சின் சத்தம் கேட்டது.

வந்த வள்ளக்காரர்கள் சுல்தானைத் தூக்க முயன்றார்கள். வேல்ராஜின் கை காலரை விடவில்லை. விறைத்துப்போன விரல்களை ஒவ்வொன்றாகப் பிரித்த பிறகுதான் இருவரையும் மேலே ஏற்ற முடிந்தது.