போசனப்பிரியம்

சனிக்கிழமை சாயங்காலம் கோயிலில், சாமியாரிடம் பாவங்களைச் சொல்லிப் பாவசங்கீர்த்தனம் செய்ய நின்ற வரிசையில் டெல்சிக்கு முன்னால் நாலைந்து பேர்தான் இருந்தார்கள். திங்கட்கிழமை திருவனந்தபுரத்தில் ஆஸ்பத்திரியில் சேர வேண்டும், அதற்கு முன்னால் பாவசங்கீர்த்தனம் செய்தே தீருவேன் என்று ஒற்றைக்காலில் நின்றது அவள்தான். பின்னால் அம்மா கிரேசி நின்றாள். மகள் உள்ளே போய் என்ன சொல்லப் போகிறாள் என்று அவளுக்கு அட்சரம் பிசகாமல் தெரியும். சொல்லிக்கொடுத்தவளே அவள்தானே.

தலையான பாவங்கள் ஏழு என்று மறைக்கல்வி வகுப்பில் படித்ததில் மற்ற ஆறும் ஊரில் யார் யாருக்கோ உரியவை. போசனப்பிரியம் என்கிற பெருந்தீனி மட்டும் விலாசம் விசாரித்துக்கொண்டு தன் வீட்டுக்கே வந்துவிட்டதாக கிரேசி நம்பினாள். மாதாமாதம் டெல்சியை இழுத்துக்கொண்டு வந்து இதே வரிசையில் நிறுத்துவாள். "போசனப்பிரியம் செய்தேன்னு சொல்லணும், மறைக்கப்பிடாது" என்று காதுக்குள் சொல்லி அனுப்புவாள்.

பதின்மூன்று வயதுவரை காற்றடித்தால் விழுகிற உடம்புதான் டெல்சிக்கு. அதற்குப் பிறகு தின்னத் தொடங்கினாள். பானையில் கிடந்த பழையது போயிற்று. பச்சை மரச்சீனியைத் தோலுரித்துக் கடித்தாள். காயப்போட்ட நெத்திலிக் கருவாட்டைப் பாவாடையில் வாரிக்கொண்டு போய் குளிமுறியில் உட்கார்ந்து மென்றாள். உடம்பு பெருத்ததே தவிர வளர்த்தி நின்றுபோனது. கிரேசி தலையில் மீன்பெட்டியோடு அருமனைப் பக்கம் வீடுவீடாக ஏறி இறங்குகிறவள். புருஷன் பஹ்ரைனில் படகுவேலைக்குப் போனவன். தாய் நாலு வீடு அலைந்து சம்பாதிப்பது மகள் வாய்க்கே காணாது என்று தெருவில் பேச்சு வந்ததும் கிரேசிக்கு ஆங்காரம் தலைக்கேறியது. அடுக்களைக்குப் பூட்டு போட்டாள். சாவியைத் தாலிச்செயினில் கோத்துக்கொண்டாள்.

போன அந்தோணியார் திருநாளில் கோயில் விருந்தான அசனத்தில் ஊரே பந்தியில் உட்கார்ந்திருந்தது. மூன்றாம் தடவை சோற்றுக்குக் கைநீட்டிய மகளின் இலையை கிரேசி வெடுக்கென்று மடக்கி எடுத்துக்கொண்டு போய் எறிந்தாள். பிள்ளை சோறு ஒட்டிய கையோடு அப்படியே குனிந்து இருந்தது. தலைவலி என்று சொன்னபோதெல்லாம் தின்ற கொழுப்பு என்றாள். நடக்கும்போது வாசல்நிலையில் தோளை இடித்துக்கொண்டு நின்றபோது, "கண்ணு பூரா சோத்துப்பானையில கெடந்தா வாசலு எங்க தெரியும்?" என்று கேட்டாள். பக்கத்து வீட்டுக்காரிகள் சிரித்தார்கள். கிரேசியும் சேர்ந்து சிரித்தாள். அந்தச் சிரிப்பை நினைக்கும்போதுதான் இப்போது அவளுக்கு வாயில் அறைந்துகொள்ளத் தோன்றுகிறது.

பள்ளிக்கூடத்தில் கண் பார்க்க வந்தவர்கள்தான் கண்டுபிடித்தார்கள். இரண்டு கண்ணிலும் ஓரப்பார்வை இல்லை. ஸ்கேன் படத்தில் மூளையின் அடியில் நெல்லிக்காய் அளவு ஒரு கட்டி. திருவனந்தபுரத்து டாக்டரம்மா படத்தில் விரலை வைத்துக் காட்டி, தமிழும் மலையாளமுமாகப் பொறுமையாகச் சொன்னாள். நாம் சாப்பிட்டதும் குடல் ரத்தத்தின் வழியாக மூளைக்குச் சேதி அனுப்பும். உடம்பில் உள்ள கொழுப்பும் தன் பங்குக்கு லெப்டின் என்று ஒன்றை அனுப்பும். இருப்பு இருக்கிறது, போதும் என்பதுதான் அந்தச் சேதி. வாங்கிப் படித்துப் பசியை நிறுத்த வேண்டிய இடத்தில் கட்டி உட்கார்ந்திருக்கிறது. சேதி வந்தபடிதான் இருக்கிறது, வாங்க ஆளில்லை. வயிறு முட்டத் தின்றாலும் மூளைக்கு அது பட்டினிதான். பட்டினி என்று நினைத்து உடம்பும் செலவைச் சுருக்கிக்கொள்கிறது, அதனால் கொஞ்சம் தின்றாலும் எடை ஏறும்.

"இது கொதி அல்ல அம்மே, சூக்கேடு. அவளுக்கு உள்ள விசப்பு நெசமான விசப்பு" என்றாள் டாக்டர். தீனி ஆசை அல்ல, நோய், பசி நிஜமான பசி என்று கிரேசிக்குப் புரிந்தது.

கட்டியை எடுத்தால் மிச்சப் பார்வையைக் காப்பாற்றலாம். போனது திரும்புமா என்று சொல்ல முடியாது. பசியும் தீரும் என்று உறுதியில்லை. வீட்டுக்குப் போனதும் அந்தப் பூட்டைக் கல்லால் உடைத்து எறிய வேண்டும் என்றுதான் கிரேசி நினைத்திருந்தாள். டாக்டரோ, நேரம் வைத்து அளவாகக் கொடுங்கள், மற்ற நேரம் அடுக்களை பூட்டியே இருக்கட்டும், அதுதான் அவளுக்கு நல்லது என்று சொல்லிவிட்டாள். கோபத்தில் பூட்டியபோது கிரேசி நிம்மதியாகத் தூங்கினாள். பசி நிஜம் என்று தெரிந்து பூட்டும்போதுதான் தூக்கம் வரவில்லை.

வரிசை ஒரு ஆள் நகர்ந்தது. கிரேசி மகளின் தோளைத் தொட்டாள்.

"மக்கா, இனிமே அதச் சொல்லாண்டாம்."

"எத?"

"அந்தப் போசனப்பிரியத்த. அது பாவம் இல்ல, கேட்டியா? டாக்டரு சொன்னாவல்லா, சூக்கேடுன்னு."

அம்மாவின் முகத்தைப் பார்க்க டெல்சி தலையை முழுக்கத் திருப்ப வேண்டியிருந்தது.

"அப்பம் நான் எதச் சொல்லட்டு? எனக்க கையில வேற பாவம் ஒண்ணும் இல்லியே" என்றாள்.

எனக்க பாவத்தைத்தான் ஒனக்க தலையில கட்டினேன் மக்கா என்று சொல்ல கிரேசி வாயைத் திறந்தாள். அதற்குள் முன்னால் நின்றவர் வெளியே வர, டெல்சி உள்ளே போய் முழங்காலில் நின்றாள்.

எப்போதும் போன வேகத்தில் திரும்பி வருகிறவள் இன்று வரவில்லை. சாமியாரின் தாழ்ந்த குரல் இரண்டு முறை கேட்டது. வெளியே வந்தவள் நேராகப் போய் மாதா சொரூபத்துக்கு முன்னால் உட்கார்ந்தாள். கிரேசி தன் முறையைப் பின்னால் நின்றவளுக்கு விட்டுக்கொடுத்துவிட்டு மகளின் பக்கத்தில் போய் இருந்தாள். என்ன சொன்னாய் என்று கேட்கக் கூடாது, அவள் கேட்கவும் இல்லை. டெல்சியே சொன்னாள்.

"அம்மா மேல வெறுப்புன்னு சொன்னேன். யோசிச்சுப் பாத்தா அது இருந்துது."

வலித்தாலும் கிரேசிக்கு வாங்க வேண்டியதை வாங்கிக்கொண்ட ஆறுதல் போலவும் இருந்தது.

"சாமி என்ன சொன்னாரு?"

"அபராதம் குடுத்தாரு. ஒனக்கு வேண்டி மூணு அருள் நிறைந்த மரியே சொல்லணும்."

"அதுவும் பாவம் இல்ல மக்கா" என்றாள் கிரேசி. "நீ வெறுத்ததுல ஒரு தப்பும் இல்ல. நான்தான் மக்கா... ஒனக்க வலிய நான் கேக்கல."

டெல்சி மாதாவைப் பார்த்தபடி மூன்று அருள் நிறைந்த மரியேயையும் சொல்லி முடித்தாள். கடல்காற்றில் மெழுகுதிரிகள் படுத்து எழுந்தன. பிறகு, வெளியே யாருக்கும் கேட்டுவிடக் கூடாது என்பதுபோல் அம்மாவின் காதருகே குனிந்தாள்.

"அம்மா, பசிக்கு."

பூட்டு விழுந்த நாளிலிருந்து அந்த வார்த்தையை அவள் அம்மாவிடம் சொன்னதில்லை. களவெடுத்துத் தின்றாள், ஒளித்துத் தின்றாள், பசிக்கிறது என்று மட்டும் வாய்திறந்து சொன்னதே இல்லை. டாக்டர் சொன்ன கணக்குப்படி ராச்சோற்றுக்கு இன்னும் நேரம் கிடந்தது.

"பசிக்கும் மக்கா" என்றாள் கிரேசி. "எனக்குத் தெரியும்."

டெல்சி அம்மாவின் கையை எடுத்துத் தன் வயிற்றோடு சேர்த்து இறுக்கிப் பிடித்தாள். கண்ணை மூடிக்கொண்டு, சொல்லி முடித்திருந்த அருள் நிறைந்த மரியேயை மறுபடியும் முதலிலிருந்து சொல்லத் தொடங்கினாள்.