பார்க்காமல் வைத்த பெட்டி

மெல்பேர்னிலிருந்து வந்த டொறினின் பயணப் பைக்குள் சொக்லேட் இருக்கும், வாசனைச் சவர்க்காரம் இருக்கும் என்று மஞ்சந்தொடுவாயில் பலபேர் காத்திருந்தார்கள். திறந்து பார்த்தால் அடுக்கடுக்காக வெறும் பிளாஸ்டிக் பெட்டிகள். எல்லாம் ஒரே வெள்ளை, எல்லாவற்றுக்கும் மூடி. புருசனின் தங்கச்சி கடல் தாண்டிக் காற்றைச் சுமந்து வந்திருக்கிறாள் என்று எமில்டா அப்போதே முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

"நத்தாருக்கு எல்லாத்தையும் முன்னுக்கே சமைச்சு ஐஸில போட்டு வைப்பம் மச்சாள்," என்றாள் டொறின். "அண்டைக்குச் சூடாக்கினாச் சரி. நீங்களும் எங்களோட மேசையில இருந்து சாப்பிடலாம்."

எமில்டாவுக்குச் சுருக்கென்றது. மேசையில் இருக்க இடம் தா என்று இவளிடம் யார் கேட்டது? கல்யாணமாகி வந்த நாளிலிருந்து நத்தார்ச் சமையல் எமில்டாவின் கையில்தான். யேசு பிறப்புப் பூசை முடிந்து வந்து அடுப்பை மூட்டினால் மத்தியானத்துக்குள் மஞ்சள் சோறு, கோழிக்கறி, பன்றிக் கறுத்தக் கறி, இறால் பொரியல் எல்லாம் இறங்கிவிடும். சொந்தக்காரர் ஒவ்வொருவராகக் குசினி வாசலுக்கு வந்து மூக்கை உறிஞ்சுவார்கள். அந்த உறிஞ்சல்தான் அவளுக்கு நத்தார்.

அதிலும் முதல் பங்கு வேலிக்கு அந்தப் பக்கம், நஸீறா வீட்டுக்கு. நஸீறாவின் புருசன் ஜிப்ரி அறுத்துத் தந்த கோழி, அதற்கென்றே பன்றியின் பக்கம் போகாத சட்டி, தனி அகப்பை. அந்தக் கறி இறங்கி வேலி தாண்டிப் போனபிறகுதான் வீட்டுக்கான பன்றி அடுப்பேறும். பெருநாளென்றால் நஸீறா வீட்டு வட்டிலப்பம் இந்தப் பக்கம் வரும். இரண்டு பெண்களும் இளம் பெண்சாதிகளாக இருந்த காலத்திலிருந்து இது ஒரு வருசம் தவறியதில்லை. இந்த ஒழுங்கெல்லாம் ஐஸில் போடுகிற சாமானா?

ஆனால் எமில்டாவின் புருசன் தங்கச்சியின் பேச்சுக்குத் தலையாட்டினார். அவர் எதற்குத்தான் தலையாட்டவில்லை. அடுத்த கிழமை முழுக்க டொறின் குசினியைப் பிடித்துக்கொண்டாள். கையில் ரப்பர் உறை, தலையில் ஒரு துணித் தொப்பி. வெங்காயம் வெட்டுகிறாளா, வயிற்றைக் கிழித்து ஒப்பரேஷன் செய்கிறாளா என்று வாசலில் நின்று பார்த்த எமில்டாவுக்கு விளங்கவில்லை. ஆறிய கறிகள் வெள்ளைப் பெட்டிகளுக்குள் இறங்கின. மூடி டக்கென்று பூட்டும் ஒவ்வொரு முறையும் எமில்டா சிலுவை போட்டுக்கொண்டாள், டொறின் பார்க்கும்படியாகவே.

வீட்டுப் பிரிட்ஜின் மேல்தட்டு நிறைந்துவிட்டது. மிச்சத்தை நஸீறாவின் பெரிய ஃபிரீசரில் வைக்கலாம் என்று டொறின் சொன்னாள். குர்ஆன் ஓதப்போகிற பிள்ளைகளுக்குப் பொலித்தீன் பைகளில் கலர் ஐஸ் பக்கெட் விற்றுத்தான் நஸீறா வீட்டுச் செலவில் பாதி ஓடுகிறது. கேட்டதும் அவள் மறுக்கவில்லை. "கோழி, இறால் எண்டா வை. இடம் கிடக்கு," என்றாள்.

"மச்சாள், நீங்களே பாத்துப் பிரிச்சு எடுத்துக்கொண்டு போங்க," என்றாள் டொறின். "எது அங்க வைக்கலாம், எது வைக்கப்படாது எண்டு உங்களுக்குத்தான் தெரியும்."

"செத்தவீட்டுப் பெட்டியளத் திறந்து பாக்கிற பழக்கம் எனக்கில்ல," என்றாள் எமில்டா. மேலே கிடந்த பெட்டிகளைக் கூடையில் அள்ளிப் போட்டாள். வேலியில் ஆள் நுழைகிற கடப்பால் போய், நஸீறாவின் ஃபிரீசரில் ஐஸ் பக்கெட்டுகளை ஒதுக்கி அடுக்கினாள். அப்போதும் முகம் வேறு பக்கம்தான். இந்தக் கூத்தைப் பார்த்து நஸீறா வாய்விட்டுச் சிரித்தாள்.

நத்தாருக்கு முதல்நாள் காலையில் டொறின் பிரிட்ஜைத் திறந்து பெட்டிகளைக் கிளறினாள். மறுபடியும் கிளறினாள்.

"மச்சாள், பண்டி இறைச்சிப் பெட்டி எங்க?"

எமில்டா திரும்பி மூலையில் கிடந்த கூடையைப் பார்த்தாள். டொறின் மிச்சப் பெட்டிகளையும் திறந்து பார்த்தாள். கோழி இருந்தது, இறால் இருந்தது, பன்றி இல்லை.

"ஐயோ," என்றாள் டொறின் மெல்ல. பிறகு மெல்பேர்ன் மூளை வேலை செய்தது. "பெட்டி பூட்டித்தானே கிடக்கு. ஒரு சொட்டு வெளிய வராது. நான் ஒரு பையைக் கொண்டு போய்ச் சத்தம் போடாம எடுத்துக்கொண்டு வாறன். ஆருக்குத் தெரியப்போகுது?"

"நஸீறாட ஐஸக் குடிக்கிற புள்ளையளுக்குத் தெரியாது. எனக்குத் தெரியும்தானே," என்றாள் எமில்டா. அவளைப் பார்த்த பார்வையில் டொறினின் தலையில் இருந்த துணித் தொப்பி தானாகக் கழன்றது.

வேலிக் கடப்பு அன்றைக்குக் கடலளவு அகலமாக இருந்தது. நஸீறா முற்றத்தில் மீன் கழுவிக்கொண்டிருந்தாள். எமில்டா நின்றபடியே சொன்னாள். நஸீறா கழுவுவதை நிறுத்தினாள்.

"என்ட றப்பே," என்று அல்லாஹ்வைக் கூப்பிட்டாள். "ஆரு வச்ச?"

டொறின் என்கிற பெயர் எமில்டாவின் நாக்கு நுனிவரை வந்தது. ஒரு வாரமாக அவளைத் திட்டித் திட்டிப் பழகிய நாக்கு. சொல்லியிருந்தால் நஸீறாவும் நம்பியிருப்பாள், இரண்டு பேருமாகச் சேர்ந்து அந்தத் தொப்பிக்காரியைத் திட்டியிருக்கலாம்.

"நான்தான்," என்றாள் எமில்டா. "அவள் பாத்து எடு எண்டுதான் சொன்னவள். நான்தான் பெரிய வீறாப்பில பாக்கயில்ல."

"அப்ப நீயே எடு. நீயே கழுவு."

எமில்டா பெட்டிகளையெல்லாம் எடுத்து வெளியே வைத்தாள். ஐஸ் பக்கெட்டுகளையெல்லாம் நஸீறா கிழித்து வடிகானில் கொட்டினாள். சிவப்பும் பச்சையும் மஞ்சளுமாகக் கரைந்து ஓடி வாவிப் பக்கம் போனது. மண் கரைத்த தண்ணீரால் ஒரு தரம், நல்ல தண்ணீரால் மிச்சம், ஏழு தரமும் ஃபிரீசரை எமில்டாதான் கழுவினாள். பன்றி பட்டால் கழுவுகிற தங்கள் முறையைச் சொல்லிச் சொல்லி நஸீறா பக்கத்தில் நின்று தண்ணீர் ஊற்றினாள். திட்டியிருந்தால் எமில்டாவுக்கு எவ்வளவோ ஆறுதலாக இருந்திருக்கும்.

மறுநாள் நத்தார். பெட்டிச் சாப்பாடு சூடேறி மேசைக்கு வந்தது. ருசி குறையில்லை என்று எல்லாரும் சொன்னார்கள். குசினி வாசலுக்கு ஒருவரும் வரவில்லை. டொறின் ஆசைப்பட்டபடி எமில்டா மேசையில் உட்கார்ந்திருந்தாள். வேலிக்கு அந்தப் பக்கம் அனுப்ப, பன்றிப் பெட்டியோடு கிடக்காத சாப்பாடு ஒரு பிடி வீட்டில் இல்லை. அனுப்ப முகமும் இல்லை.

அப்போது பின்வாசலில் செருப்புச் சத்தம் கேட்டது. நஸீறா நின்றாள். ஒரு கையில் உரித்த கோழி, மற்றக் கையில் சட்டி.

"எங்கட பங்கு எங்க?"

எமில்டா எழும்பிக் குசினிக்குள் ஓடினாள். "நீ வருவாய் எண்டு நான் நினைக்கயில்ல புள்ள."

"வராம? ஃபிரீசர் பழுதெண்டு ஊரெல்லாம் பொய் சொல்லி வச்சிருக்கன். வேற ஆருக்காக?" நஸீறா கோழியைக் குசினி மேசையில் வைத்தாள். "சட்டியும் என்ட. உன்ட சட்டியில எனக்கு இனி நம்பிக்கையில்ல."

அந்த வார்த்தை எமில்டாவின் நெஞ்சில் குத்திக்கொண்டு நின்றது. அவள் அடுப்பை மூட்டினாள்.

"மச்சாள், இப்ப போய்ச் சமைக்கிறீங்களா?" என்று மேசையிலிருந்து டொறின் கூப்பிட்டாள். எமில்டா திரும்பிப் பார்க்கவில்லை. வெங்காயமும் றம்பை இலையும் எண்ணெயில் விழுந்த மணத்துக்கு, முதல் ஆளாக வாசலில் வந்து மூக்கை உறிஞ்சியவள் டொறின்தான். ஆனால் எமில்டா அதைக் கவனிக்கவில்லை. அவள் கண் முழுக்க, வாங்குப் பலகையில் காலைத் தொங்கப்போட்டுக்கொண்டு தன் ஒவ்வொரு அசைவையும் காவல் காக்கிற நஸீறாவின் மேல்.

வழக்கம்போல் பார்க்காமலே சுவர்த் தட்டில் கையை நீட்டிக் கறித்தூள் போத்தலை எடுத்தாள்.

"கண்ணத் திறந்து பாத்துப் போடு," என்றாள் நஸீறா.

எமில்டா போத்தலைக் கண்ணுக்கு நேராகப் பிடித்துப் பார்த்தாள். நஸீறாவிடமும் நீட்டிக் காட்டினாள். அவள் தலையாட்டிய பிறகுதான் தூளைப் போட்டாள்.