வீட்டுக்கு வராத சின்னவன்

உடன்பிறந்தவர்கள் எத்தனை பேர் என்று வகுப்பில் ஆசிரியை கேட்டபோது, ஒரு சிறுமி எழுந்து நின்று, "ஒரு தம்பி இருக்கான் மிஸ். ஆனா வீட்டுக்கே வர மாட்டான். அம்மா ஆபீஸ்லதான் இருப்பான்" என்று சொல்லிவிட்டாள்.

ஆசிரியை பதறிப்போய் வீட்டுக்குப் போன் செய்தார். எடுத்தது குழந்தையின் அப்பா. விஷயத்தைக் கேட்டதும் அவரால் சிரிப்பை அடக்க முடியவில்லை. "அது பையன் இல்ல மிஸ், ஒரு ஜீன்" என்றார். ஆசிரியைக்குக் குழப்பம் கூடியதே தவிரக் குறையவில்லை.

தப்பு அவருடையதுதான். மனைவி மூலக்கூறு உயிரியலாளர். புற்றுநோய் மருத்துவமனையை ஒட்டிய ஆய்வுக்கூடத்தில், ஒரே ஒரு மரபணுவைப் பிடித்துக்கொண்டு பல வருடங்களாக உட்கார்ந்திருந்தாள். அவள் செருப்பைக் கழற்றுவதற்குள், "இன்னைக்குச் சின்னவன் என்ன பண்ணான்?" என்று கேட்பது அவர் வழக்கம். "சமத்தா இருந்தான்" என்றோ "சொன்ன பேச்சே கேக்கல" என்றோ அவளும் பதில் சொல்வாள். பிள்ளை வேறென்ன நினைக்கும்?

ஒழுங்காக இருக்கும்வரை அந்த மரபணு, தேவைப்படும்போது மட்டும் செல்லைப் பெருகச் சொல்லும். அதில் ஒரு பிழை விழுந்துவிட்டால் நிறுத்தத் தெரியாது. பெருகு, பெருகு என்று விரட்டிக்கொண்டே இருக்கும். எலும்பில் வரும் ஓர் அபூர்வமான புற்றுநோய்க்கு அதுதான் காரணம். அதை அடக்க ஒரு மருந்தும் வந்திருந்தது. கொடுத்தால் கட்டி சுருங்கும், வீட்டார் நிம்மதியாக மூச்சு விடுவார்கள், சில மாதங்களில் கட்டி பழையபடி தலைதூக்கும். அலுத்துப்போன மற்ற ஆய்வுக்கூடங்கள் வேறு மரபணுக்களைத் தேடிப் போய்விட்டன. "எத்தனை நாள்தான் இதையே கட்டிக்கிட்டு அழுவே?" என்று நண்பர்கள் கேட்டார்கள்.

அவள் அழவில்லை. அவளுக்கு அந்த வேலை பிடித்திருந்தது. கதகதப்பான பெட்டியைத் திறந்து, இளஞ்சிவப்புத் திரவத்தில் செல்கள் வளரும் தட்டுகளை எடுத்து நுண்ணோக்கியில் வைக்கும் காலை நேரத்தில், இன்றைக்கு என்ன காத்திருக்கிறதோ என்று மனசு துள்ளும். பெரும்பாலும் ஒன்றும் காத்திருக்காது. மறுநாளும் துள்ளும்.

மருந்துக்குச் சாகிற செல்களைத்தான் எல்லோரும் எண்ணிக்கொண்டிருந்தார்கள். சாகாமல் ஓரத்தில் பதுங்கிக் கிடந்த கொஞ்சநஞ்சத்தை யாரும் பொருட்படுத்தவில்லை. அவள் அதை மட்டும் பிரித்து வளர்த்தாள். அதில் எந்தெந்த மரபணுக்கள் வேலை செய்கின்றன என்று பார்த்தபோது, அதுவரை தூங்கிக்கொண்டிருந்த இன்னொன்று விழித்திருந்தது. அடக்கப்பட்டதன் வேலையைத் தன் தலையில் இழுத்துப் போட்டுக்கொண்டு மும்முரமாகச் செய்துகொண்டிருந்தது.

"சின்னவனுக்கு ஒரு கூட்டாளி இருக்கான்" என்றாள் வீட்டுக்கு வந்ததும்.

"அதானே பார்த்தேன்! ஒத்தை ஆளா இவ்வளவு வால்தனம் பண்ண முடியாதே" என்றார் கணவர்.

கூட்டாளியை அடக்கும் மாத்திரை ஏற்கெனவே மருந்துக்கடையில் இருந்தது. மூட்டுவாதக்காரர்கள் அதை விழுங்கிக்கொண்டிருந்தார்கள். இரண்டு மருந்தையும் சேர்த்துச் செல்களுக்குக் கொடுத்தாள். வாரங்கள் போயும் தட்டில் ஒரு செல்கூட மீளவில்லை. நம்பிக்கை வராமல் திரும்பச் செய்தாள். எது எந்தத் தட்டு என்று சொல்லாமல் பக்கத்து அறைக்காரரையும் செய்யச் சொன்னாள். அதே முடிவுதான். எலிகளிலும் அப்படியே. அதற்கப்புறம் மனிதர்களுக்குக் கொடுத்துப் பார்க்க அனுமதி வாங்குவதற்குள் மகள் உயர்நிலைப் பள்ளிக்கே போய்விட்டாள்.

முதலில் அந்த இரண்டு மருந்தையும் சேர்த்து எடுத்துக்கொண்டவர் ஒரு கால்பந்து நடுவர். இடுப்பெலும்பில் தொடங்கியது நுரையீரல்வரை பரவியிருந்தது. நாலு வார்த்தை பேசினால் மூச்சு வாங்கியது. அவருக்கு வைத்தியம் பார்த்த டாக்டர் இவளுடைய கல்லூரித் தோழி. சில மாதங்கள் கழித்து ஒரு பிற்பகல், தோழி மருத்துவமனையிலிருந்து நேராக ஆய்வுக்கூடத்துக்குள் நுழைந்து இரண்டு ஸ்கேன் படங்களை மேஜைமேல் வைத்தாள்.

"எது முன்னாடி எடுத்தது, சொல்லு."

"இது."

"இதுல வெள்ளை வெள்ளையா இருக்கறதெல்லாம் இந்தப் படத்துல எங்கே?"

அவள் குனிந்து தேடினாள். "எங்கேடீ?"

"அதைத்தான் நானும் உன்னைக் கேக்கறேன்!"

கையுறை போட்ட கைகளை எதன்மேலும் படாமல் தூக்கிப் பிடித்துக்கொண்டு அவள் நின்றாள். தோழி அப்படியே அவளைக் கட்டிப்பிடித்துச் சுற்றினாள். இரண்டு பேரும் சிரித்தார்களா அழுதார்களா என்று அவர்களுக்கே பிறகு சொல்லத் தெரியவில்லை.

எல்லோருக்கும் அப்படி நடந்துவிடவில்லை. சிலருக்குப் பாதிதான் சுருங்கியது. ஒருவருக்கு மருந்து வேலை செய்யவே இல்லை. அவருடைய செல்களும் இப்போது அவளுடைய தட்டில் வளர்கின்றன.

தெம்பு வந்ததும் நடுவர் ஆய்வுக்கூடத்துக்கே வந்துவிட்டார். "என் கட்டியிலேருந்து எடுத்ததை இங்கேதான் வளக்கறீங்களாமே? நான் பார்க்கணும்."

நுண்ணோக்கியில் கண்ணை வைத்து, குமிழைத் தானே திருகிப் பார்த்தார். பிறகு, "இவனுங்களா? இத்துனூண்டு பசங்களா என்னைப் படுக்க வெச்சானுங்க?" என்றார்.

"தனித்தனியாப் பார்த்தா ஒண்ணுமில்ல சார். கூட்டம் சேர்ந்தாத்தான் ரகளை."

"அது எனக்குத் தெரியாதா மேடம்? மைதானத்துல தினம் பாக்கறதுதானே!" என்றவர் நிமிர்ந்து, கதவைப் பார்த்துக் கையை நீட்டி, "வெளியே போ!" என்று அதட்டினார். பக்கத்து மேஜை ஆராய்ச்சி மாணவர் தன்னைத்தான் சொல்கிறார் என்று எழுந்தே விட்டார்.

அடுத்த பருவத்தில் நடுவர் மறுபடி ஆட்டம் நடத்தினார். சின்ன மைதானம், பள்ளிக்கூடத்து அணிகள். குடும்பத்தோடு வரச் சொல்லி அழைத்திருந்தார். அவளுக்குக் கால்பந்தில் பந்து எது, கம்பம் எது என்பதற்குமேல் தெரியாது. அவள் பார்த்ததெல்லாம் நடுவரை மட்டும்தான்: எப்படி ஓடுகிறார், நின்றால் மூச்சு வாங்குகிறதா, நெஞ்சைப் பிடிக்கிறாரா? அவர் நெஞ்சைப் பிடிக்கவில்லை. இந்தக் கோடிக்கும் அந்தக் கோடிக்கும் இளவட்டங்களோடு ஓடிக்கொண்டிருந்தார்.

இடைவேளைக்குப் பிறகு எப்போது ஆட்டத்தைப் பார்க்கத் தொடங்கினாள் என்று அவளுக்கே தெரியாது. மகளுடைய பள்ளி அணிப் பெண் கோல் பக்கத்தில் தடுக்கி விழுந்தாள். நடுவர் ஒன்றுமில்லை என்று தலையசைத்தார். பார்வையாளர் வரிசையில் இவள் துள்ளி எழுந்தாள்.

"சார், தள்ளிவிட்டது கண்ணுக்குத் தெரியலையா? என்ன நடுவர் நீங்க!"

"அம்மா! உக்காரும்மா, மானம் போகுது" என்று மகள் புடவையைப் பிடித்து இழுத்தாள். கணவர் வேறு பக்கம் திரும்பிக்கொண்டார். அவருடைய தோள் குலுங்கியது. மைதானத்தில் நடுவர் குரல் வந்த திசையைப் பார்த்தார், ஆளைக் கண்டுகொண்டார், வாய்விட்டுச் சிரித்தார். தீர்ப்பை மட்டும் மாற்றவில்லை. பந்து அதற்குள் அடுத்த கோடிக்குப் போய்விட்டிருந்தது. அவரும் அதன் பின்னால் ஓடினார். இவள் இன்னும் உட்காரவில்லை.