நான்கு தோட்டாக்களும் பத்தொன்பது பெட்டிகளும்

1

இந்தக் கதை ஒரு கேள்வியில் தொடங்கியது. கேட்டவர் அதை அன்று மதியமே மறந்திருப்பார்.

2020 அக்டோபர், தொற்றுநோய்ப் பீதியில் ஊரே தோட்டா வாங்கிக் குவித்த சமயம், ஒரு செவ்வாய்க்கிழமை காலை. நான் வேலை பார்ப்பது ஏரிக்கரையிலிருந்து எட்டு மைல் உள்ளே இருக்கும் ஒரு இரும்புக்கடையில். முன் வரிசையில் ஆணி, பெயின்ட், நாய்த்தீனி. கடைசி வரிசையில் துப்பாக்கியும் தோட்டாவும். செவ்வாய் அன்றுதான் லாரி வரும் என்பது ஊருக்கே தெரியும். கடை திறக்கும் முன்பே வாசலில் பத்துப் பேர் மடக்கு நாற்காலி போட்டு, பிளாஸ்கில் காப்பியோடு உட்கார்ந்திருந்தார்கள். முதலில் உள்ளே வந்தவர் கேட்டார்:

"தோட்டா இருக்கா?"

"எந்த அளவு வேணும்?"

"என்ன இருக்கு?"

"உங்க துப்பாக்கி எதுன்னு சொன்னா..."

"அதெல்லாம் அப்புறம் பாத்துக்கலாம்பா. இருக்கறதக் குடு."

கொடுத்தேன். செருப்புக் கடைக்குப் போய், எந்த அளவானாலும் பரவாயில்லை, இடது கால் செருப்பாகவே இருந்தாலும் பரவாயில்லை, இரண்டு ஜோடி கட்டு என்று கேட்பவரைப் போல அவர் வாங்கிப்போனார். முகத்தில் போரில் வென்ற களை.

அவரை வைத்துத்தான் எழுத உட்கார்ந்தேன். ஆனால் முட்டாளை மட்டும் வைத்துக் கதை எழுத முடியாது. முட்டாள்தனத்துக்கு விலை கொடுப்பவர் ஒருவர் வேண்டும். அதனால் மார்லிஸை உண்டாக்கினேன். இனி வருவதெல்லாம் கற்பனை. கடை மட்டும் நிஜம். கவுன்டருக்குப் பின்னால் நிற்கும் நானும் நிஜம். தணிகாசலம், இந்த ஊர் வாயில் டேனி.

2

தொடக்கங்கள்.

(அ) "பனி பெய்துகொண்டிருந்த அந்த நவம்பர்க் காலையில் மார்லிஸ் கங்காஸ்..." வேண்டாம். நவம்பரில் இங்கே பனி பெய்யாமல் வேறென்ன பெய்யும்?

(ஆ) "மனிதனின் அச்சம் ஆதிகாலத்திலிருந்து..." சீ.

(இ) மார்லிஸிடம் நான்கு தோட்டாக்கள் இருந்தன.

இது நிற்கும். மார்லிஸுக்கு ஐம்பத்திரண்டு வயது. பள்ளிப் பேருந்து ஓட்டுபவள். பள்ளிகள் கணினித் திரைக்குள் போய்விட்டதால் மார்ச்சிலிருந்து பேருந்து கொட்டகையில் நிற்கிறது, அவள் வீட்டில் இருக்கிறாள். ஆண்டுதோறும் நவம்பர் பதினைந்தாம் தேதி மான் வேட்டை தொடங்கும். அவள் ஒரு மான் அடிப்பாள். அந்த இறைச்சியில்தான் அவள் வீட்டில் குளிர்காலம் நகரும். இந்த ஆண்டு அதைத் தவிர வேறு இறைச்சி வாங்க வழியில்லை. ஃப்ரீசர் காலி.

அவளிடம் இருப்பது டூ-செவன்டி ரக ரைஃபிள் ஒன்று; அந்த அளவுத் தோட்டா மட்டும்தான் அதில் போகும். இருபது தோட்டா அடங்கிய ஒரு பெட்டி அவளுக்கு நாலைந்து ஆண்டுக்குக் காணும். 2016-இல் வாங்கிய பெட்டியில் நான்கு மிச்சம். செப்டம்பர் கடைசியில் வந்து கேட்டாள். என் அலமாரியில் விலை எழுதிய அட்டை மட்டும் இருந்தது.

நான்கு போதாதா என்று கேட்பீர்கள். போதும். ஆனால் போன வாரம் கொட்டகைப் படியில் பனிக்கட்டி வழுக்கி விழுந்தாள். அவளுக்கு முன்னால் ரைஃபிள் விழுந்தது. அதன் மேல் பொருத்தியிருந்த ஸ்கோப், குறிபார்க்கும் தொலைநோக்கி, கல்லில் மோதியது.

3

இப்போது ஒரு விஷயத்தை விளக்கியாக வேண்டும். பொறுத்துக்கொள்ளுங்கள், எனக்கு இந்தப் பகுதிதான் பிடித்தது.

ஒரு தோட்டாவில் நான்கு பொருள்கள். பித்தளைக் கூடு. அதற்குள் மருந்து. நுனியில் குண்டு. அடியில் மிளகைவிடச் சற்றே பெரிய ஒரு கிண்ணம், பெயர் ப்ரைமர். துப்பாக்கியின் ஊசி அதன் மேல் குத்தினால் அதிலிருந்து பொறி பிறக்கும், மருந்து பற்றும், குண்டு போகும். நான்கில் மூன்று மலைபோல் குவிந்திருந்தாலும் அந்தக் கிண்ணம் இல்லாவிட்டால் எல்லாம் உலோகக் குப்பை. ஆலைகளிடம் இருந்த கிண்ணங்களையெல்லாம் கைத்துப்பாக்கித் தோட்டாவுக்குத் திருப்பினார்கள், ஏனென்றால் அதற்குத்தான் கூச்சல் அதிகம். மான் தோட்டாவின் முறை தள்ளிப்போனது.* வெற்றுக் கூடுகளை எடுத்துவைத்து வீட்டிலேயே தோட்டா நிரப்பிக்கொள்கிற பொறுமைசாலிகளுக்கும் கிண்ணம் கிடைக்கவில்லை.

(* இது பாதி உண்மை. மீதிப் பாதி: வந்த கொஞ்சமும் அலமாரியில் அரை மணி நேரம்கூட இருக்கவில்லை. அலமாரி காலியாகிவிடும் என்று பயந்தவர்கள் வந்து அலமாரியைக் காலி செய்தார்கள். பிறகு காலி அலமாரியைப் படம் எடுத்து மற்றவர்களுக்கு அனுப்பினார்கள். "பாத்தியா, நான் சொன்னேன்ல?")

வசந்தத்தில் இதே ஆட்கள் இதே வண்டிகளில் கழிவறைக் காகிதம் ஏற்றிப்போனார்கள். அந்தக் காகிதமாவது நாலு பேருக்குப் பயன்பட்டது.

4

கோர்டி, மார்லிஸின் தம்பி. கடையில் நான்தான் அறிவிப்பு எழுதி ஒட்டினேன்: ஒருவருக்கு ஒரு நாளைக்கு ஒரு பெட்டி. நியாயமான விதி என்று பெருமையாகக்கூட இருந்தது. கோர்டி அந்த விதியை ஒருநாளும் மீறவில்லை. மான் தோட்டா அலமாரியில் இன்னும் கொஞ்சம் மிச்சமிருந்த செப்டம்பரில் பத்தொன்பது நாள் வந்தான். நாளைக்கு ஒன்று. பத்தொன்பது பெட்டி டூ-செவன்டி. நான்தான் பையில் போட்டுக் கொடுத்தேன்.

முந்நூற்று எண்பது தோட்டாக்கள். ஆண்டுக்கு ஒரு மான், மானுக்கு இரண்டு தோட்டா என்று வைத்தால் கோர்டி இன்னும் நூற்றுத் தொண்ணூறு ஆண்டு வேட்டையாடலாம். அவனுக்கு இப்போதே முட்டி வலி.

இன்னொன்று. கோர்டியிடம் டூ-செவன்டி துப்பாக்கி கிடையாது.

5

அக்காவும் தம்பியும் கோர்டியின் சமையலறையில் பேசியது. மேசையில் சூடான பேஸ்ட்டி, இவர்கள் ஊர் இறைச்சிப் பொதி. கெட்ச்சப் போடுவதா கிரேவி ஊற்றுவதா என்ற பழைய சண்டையை அன்று அவர்கள் போடவில்லை. அதிலிருந்தே நிலைமை புரியும்.

"ஒரே ஒரு பெட்டி குடு கோர்டி."

"எனக்கு வேணும்ல."

"எதுக்கு? உங்கிட்ட அந்தத் துப்பாக்கியே இல்லையேடா."

"வாங்குவேன்."

"எப்ப?"

"இப்ப எங்க கெடைக்குது? எல்லாத்தையும் ஜனங்க அள்ளிட்டுப் போயிட்டாங்க. வெக்கங்கெட்ட ஜனங்க."

அவன் இதை முகம் மாறாமல் சொன்னான். மார்லிஸ் பேஸ்ட்டியைக் கத்தியால் இரண்டாக வெட்டினாள், தேவைக்கு மேல் அழுத்தி.

"சரி, பத்து குடு. அஞ்சு குடு."

"பெட்டியப் பிரிச்சா அப்புறம் அது முழுப் பெட்டி இல்ல மார்லிஸ்."

"அடப்பாவி."

"நான் ஒண்ணு சொல்றேன் கேளு. உங்கிட்ட துப்பாக்கி இருக்கு, தோட்டா இல்ல. எங்கிட்ட தோட்டா இருக்கு, துப்பாக்கி இல்ல. ரெண்டும் ஒரே எடத்துல இருந்தாத்தான நல்லது?"

"ஆமா."

"அப்ப துப்பாக்கிய எங்கிட்டக் குடுத்துரு."

6

இந்த இடத்தில் நான் கோர்டியைச் சந்தேகித்தேன். இவ்வளவு அற்பமாக ஒருவன் இருப்பானா? இரண்டாவது வரைவில் அவனுக்கு ஒரு காரணம் கொடுத்துப் பார்த்தேன். [அந்த ரைஃபிள் அவர்கள் அப்பாவுடையது. அப்பா அதை மகனுக்குக் கொடுக்காமல் மகளுக்குக் கொடுத்துவிட்டார். அந்த வலி கோர்டியின் நெஞ்சில்...]

அடித்துவிட்டேன். பதினோரு ஆண்டாக இந்தக் கவுன்டரில் நிற்கிறேன். வாங்கிக் குவிப்பவர்களுக்கு வலி எதுவும் கிடையாது. அவர்களிடம் நிலவறை இருக்கிறது, அதில் அலமாரி இருக்கிறது. கோர்டிக்கு அப்பா எதையும் செய்யவில்லை. அலமாரியில் பெட்டி இருந்தது, எடுத்தான். அவ்வளவுதான். வாசகர் அனுதாபப்படுவதற்காக நான் அவனுக்கு ஒரு காயத்தைச் செய்துகொடுக்க வேண்டியதில்லை.

7

நவம்பர் பதினான்கு, சனிக்கிழமை, காலை பத்து மணி. நாளை வேட்டை. மார்லிஸ் வீட்டுக்குப் பின்னால் இருக்கும் வெற்று நிலத்தில் ஒரு மர மேசை. அதன் மேல் இரண்டு மணல் மூட்டைகள்; குளிர்காலத்தில் வண்டி வழுக்காமல் இருக்கப் பின்னால் எடைக்குப் போடுபவை. மூட்டைகளின் மேல் ரைஃபிள். கதைக்குள் நானும் அங்கே இருக்கிறேன், யோசனை சொல்ல.

அவளுடைய சிக்கல் இதுதான். விழுந்த ஸ்கோப் இப்போது எங்கே காட்டுகிறது, குண்டு எங்கே போகும் என்று தெரியாது. தெரிந்துகொள்ளச் சுட்டுப் பார்க்க வேண்டும். சுட்டுப் பார்த்தால் தோட்டா போய்விடும். சுடாமல் காட்டுக்குப் போனால், நெஞ்சைக் குறிவைத்து வயிற்றில் அடிப்பாள். மான் சதுப்புக்குள் ஓடி இரண்டு நாள் கிடந்து சாகும். இறைச்சியும் இல்லை, மானும் இல்லை.

தோட்டா செலவழிக்காமல் பாதி வேலையை முடிக்க ஒரு வழி உண்டு. ரைஃபிளின் போல்ட்டை, குழலின் பின்வாயை அடைக்கும் இரும்புத் தண்டை, கழற்றிவிட்டுப் பின்னாலிருந்து குழலுக்குள் பார்க்க வேண்டும். பளபளக்கும் வட்டத்தின் கோடியில், ஐம்பது கஜத்தில் நட்ட காகிதத்தின் கறுப்புப் புள்ளி தெரியும். புள்ளி நடுவில் வரும்வரை மணல் மூட்டையைத் தட்டித் தட்டி நகர்த்த வேண்டும். பிறகு ரைஃபிளைத் தொடாமல் ஸ்கோப்பின் திருகுகளை மட்டும் திருப்பி, அதன் சிலுவைக் கோட்டையும் அதே புள்ளிக்குக் கொண்டுவர வேண்டும். குழலும் கண்ணும் ஒன்றைப் பார்த்தால், குண்டு காகிதத்தின் மேலாவது விழும்.

முக்கால் மணி நேரம் ஆனது. பிறகு காகிதத்தை நூறு கஜத்துக்குத் தள்ளி நட்டாள். முதல் தோட்டாவைச் சுட்டாள். நடந்துபோய்ப் பார்த்துவிட்டு வந்தாள்.

"வலது பக்கம் ஆறு அங்குலம்."

நூறு கஜத்தில் திருகின் ஒரு சொடுக்கு கால் அங்குலம். ஆறு அங்குலத்துக்கு இருபத்துநான்கு சொடுக்கு, இடப்பக்கம். வாய்விட்டு எண்ணித் திருகினாள். மூன்று தோட்டா மிச்சம்.

இப்போதுதான் உண்மையான கேள்வி. பழைய ஸ்கோப். அடி வாங்கியது. உள்ளே இருக்கும் கோடு சில சமயம் திருகியபோது நகராமல் அடம்பிடித்து, அடுத்த வெடி அதிர்ந்த பிறகுதான் நகரும். திருகியது பலித்ததா என்று இன்னொரு தோட்டாவைச் சுட்டுப் பார்ப்பதா? அல்லது மூன்றையும் காட்டுக்குக் கொண்டுபோவதா?

"வெச்சுக்கோ," என்றேன். "இனிமே கெடைக்காது."

8

அப்போது மார்லிஸ் என் பக்கம் திரும்பினாள். நான் எழுதித் திருப்பியது இல்லை. அவளாகவே திரும்பினாள்.

"டேனி, இத எழுதறது நீதான?"

"ஆமா."

"கடைல ஒரு பெட்டி இருந்துச்சுன்னு எழுதேன்."

"எழுதலாம்..."

"எழுது."

"எழுதுனா கதை முடிஞ்சுரும் மார்லிஸ்."

"முடிஞ்சா என்ன குடி முழுகிப்போச்சு? நாளைக்குக் காட்டுக்குப் போகப்போறது நானு."

"இல்ல, அந்தத் தட்டுப்பாடு இருந்தாத்தான் அதுல ஒரு... அது எனக்கு வேணும்ல."

"ஆங். கோர்டியும் இதத்தான் சொல்றான்."

எனக்குக் காது சூடானது. வரிசையில் நின்றவர்களையெல்லாம் இவ்வளவு நேரம் எள்ளிக்கொண்டிருந்தேன். ஒரு வாக்கியம் எழுதினால் அலமாரி நிரம்பும். எனக்குச் செலவு மையளவு. அதைத் தராமல் பூட்டிவைத்துக்கொண்டு, பக்கம் பக்கமாக மான் எப்படிச் சாகும் என்று விளக்குகிறேன்.

எழுதினேன்: "கடையின் பின்னறையில், பெயின்ட் டப்பாக்களுக்குப் பின்னால், யார் கண்ணிலும் படாத ஒரு பெட்டி டூ-செவன்டி..."

வாக்கியம் முடிவதற்குள் என் கதையின் கடைவாசலில் கோர்டி வந்து நின்றான். அறிவிப்பைச் சுட்டிக்காட்டினான். "ஒருத்தருக்கு ஒரு நாளைக்கு ஒண்ணு. இன்னிக்கு நான் இன்னும் வாங்கல."

விதி என்னுடையது. வாக்கியத்தை அப்படியே விட்டுவிட்டேன்.

9

முடிவுகள், என் கையில் இருப்பவை.

ஒன்று: கோர்டி மனம் மாறி ஒரு பெட்டியோடு வருகிறான். இதற்கு நீங்கள் கண்கலங்கலாம். நான் சிரித்துவிடுவேன்.

இரண்டு: அவள் மானைக் காயப்படுத்துகிறாள். வெற்று ஃப்ரீசர். கோர்டி துப்பாக்கியை வாங்கிக்கொள்கிறான். இதை எழுதுவது சுலபம், அதனாலேயே எழுதமாட்டேன்.

மூன்று: ஒரே தோட்டாவில் மான் விழுகிறது. எல்லோருக்கும் பிடிக்கும். கோர்டிக்கு எல்லோரையும்விட அதிகமாக. "பாத்தியா, ஒண்ணே போதும். இதுக்குப் போயி ஒரு பெட்டி கேட்ட!" அவளுடைய திறமை அவனுக்குச் சாட்சியாகிவிடும்.

இந்த மூன்றில் எதை எடுப்பது என்று நான் யோசித்துக்கொண்டிருந்தபோது கோர்டியின் வண்டி வந்து நின்றது. சும்மா பார்க்க வந்தானாம். வண்டியின் முன்கண்ணாடிக்குக் கீழே ஒரு தோட்டாப் பெட்டி தெரிந்தது, நாங்கள் பார்க்கட்டும் என்றே வைத்தது.

"யோசிச்சுட்டியா மார்லிஸ்?"

அவள் மேசைப் பக்கம் திரும்பினாள். சட்டைப்பையிலிருந்து ஒரு தோட்டாவை எடுத்தாள்.

"வேண்டாம்," என்றேன். "ரெண்டுதான் மிஞ்சும்."

"குண்டு எங்க போகுதுன்னு தெரியாம ஒரு உயிர் மேல சுட மாட்டேன். உன் கதைக்காகக்கூட மாட்டேன்."

ரைஃபிளின் கட்டையில் கன்னத்தை வைத்தாள். மூச்சை விட்டாள். சுட்டாள்.

"அடிப்பாவி!" கோர்டி வண்டிக்குள்ளிருந்து கத்தினான். முந்நூற்று எண்பது தோட்டா வைத்திருப்பவனின் குரல் நிஜமாகவே உடைந்திருந்தது. "இப்படி வீணாக்கறியே!"

அவள் போல்ட்டை இழுத்தாள். வெற்றுக் கூடு பனியில் விழுந்து சின்னதாக ஒரு குழி உருக்கியது. அந்த ஸ்கோப்பில் நூறு கஜத்து ஓட்டை தெரியாது. நடந்துபோய்த்தான் பார்க்க வேண்டும். நடக்க ஆரம்பித்தாள்.

ஓட்டை எங்கே விழுந்தது என்று நான் எழுதப்போவதில்லை. எழுதினால் மறுபடியும் கவுன்டருக்குப் பின்னால் நின்று பங்கிடுகிறவனாகிவிடுவேன். நானும், வண்டியிலிருந்து இறங்கி வந்த கோர்டியும் மேசைப் பக்கம் நிற்கிறோம், அதுதான் எங்களுக்குச் சரியான இடம். பனி கணுக்கால் வரைதான். அவள் பாதித் தூரம் போய்விட்டாள். உங்களுக்குப் பார்க்க வேண்டுமென்றால் இப்போதே கிளம்புங்கள்.