பதின்மூன்றாவது ஆள்

எண்பத்தேழாம் வருடக் கோடையில் எங்கள் கில்டாரகன் கிளப்பில் பன்னிரண்டு ஆட்டக்காரர்கள்தான் மிச்சம். மற்றவர்கள் பாஸ்டனிலும் லண்டனிலும் கட்டட வேலைக்குப் போய்விட்டார்கள். எங்கள் அயர்லாந்தின் கேலிக் கால்பந்துக்கு ஒரு பக்கத்துக்குப் பதினைந்து பேர் வேண்டும். பதின்மூன்று பேர் இருந்தால் ஆட்டத்தைத் தொடங்கவாவது விடுவார்கள். ஆள் சேராமல் ஏற்கெனவே இரண்டு ஆட்டங்களைக் கைவிட்டிருந்தோம். அடுத்ததையும் விட்டால் கிளப்பையே போட்டித் தொடரிலிருந்து நீக்கிவிடுவார்கள்.

அந்த ஆட்டம் வியாழக்கிழமை, பக்கத்து ஊரான டிரம்கீலோடு. பேசாமல் எங்களோடு சேர்ந்துவிடுங்கள் என்று அவர்கள் தூது அனுப்பியிருந்தார்கள்.

"அவனுங்க சட்டையப் போட்டு ஆடறதுக்கு நான் கோழி வளக்கப் போயிடுவேன்" என்றான் எங்கள் கேப்டன் ஃபின்டன்.

"கோழியும் உன்கிட்ட நிக்காது" என்றாள் செயலாளர் நோரீன். பிறகு என் பக்கம் திரும்பினாள். "வண்டிய எடு, டெக்லான். மலாக்கி டான்சி வீட்டுக்குப் போகலாம்."

மலாக்கி ஒரு காலத்தில் எங்கள் சிறந்த முன்கள ஆட்டக்காரர். மாவட்ட இறுதி ஆட்டத்தன்று, அப்போது பயிற்சியாளராக இருந்த நோரீனின் அப்பாதான் அவரை வெளியே உட்காரவைத்தார். முந்தின நாள் பயிற்சிக்கு வரவில்லை என்பது காரணம். மனைவிக்குப் பிரசவ வலி என்று அவர் சொன்னதை யாரும் காதில் வாங்கவில்லை. அதற்குப் பிறகு அவர் மைதானத்தை எட்டிக்கூடப் பார்க்கவில்லை. நோரீனின் அப்பா சாவுக்கும் வரவில்லை.

நாங்கள் போனபோது மலாக்கி மாட்டுக் கொட்டகையில் இருந்தார். எங்களைப் பார்த்தும் கறப்பதை நிறுத்தவில்லை.

"உங்கப்பா உக்காரவச்ச எடத்துலயே இருந்துக்கறேன், நோரீன்."

"அப்பா செஞ்சது தப்புதான். அவரு சொல்லாமலே போயிட்டாரு. நான் சொல்றேன்."

அவர் முக்காலியை அடுத்த மாட்டுக்கு நகர்த்தினார்.

"நாப்பத்திமூணு ஆகுது எனக்கு. முட்டி வேற போச்சு."

"ஓட வேணாம். நின்னாப் போதும்."

"வியாழக்கிழமை சாயங்காலம் இதுங்கள யாரு கறப்பா?"

"நான் கறக்கறேன்."

வியாழனன்று அவர் வந்தார். கோல் கம்பத்தருகே நின்று கையுறைகளை மாட்டிக்கொண்டிருந்த கோல்கீப்பரான நான், அவரைப் பார்த்த பிறகுதான் சரியாக மூச்சு விட்டேன். டிரம்கீல் தடுப்பாட்டக்காரன் ஒருவன் சிரித்தான்: "இந்தத் தாத்தாவ எங்கேருந்து தோண்டினீங்க?"

"பேசறதுக்குச் சாராயக்கடை இருக்குடா தம்பி. பந்தப் பாரு" என்றார் மலாக்கி. அடுத்த பந்தை அவன் தலைக்கு மேல் எம்பிப் பிடித்து, திரும்பி, கோலின் குறுக்குக் கம்பத்துக்கு மேலே அனுப்பினார். எங்கள் ஆட்டத்தில் அதற்கு ஒரு பாயிண்ட்; வலைக்குள் போனால் கோல், மூன்று பாயிண்ட். அன்று நாங்கள் எடுத்ததே நான்குதான். அவர்கள் என்னைத் தாண்டி ஐந்து கோல் போட்டார்கள். இடைவேளையில் மழை பிடித்துக்கொண்டது; மலாக்கியின் முட்டி வீங்கிவிட்டது. வெளியே வரச் சொன்னோம். அவர் தலையை மட்டும் ஆட்டிவிட்டுக் கடைசி விசில்வரை நின்றார்.

நோரீன் எதையும் பார்க்கவில்லை. ஆட்டம் முடிந்து நாங்கள் மலாக்கியின் கொட்டகைக்குப் போனபோது கன்னமெல்லாம் சாணி தெறிக்க, கடைசி மாட்டோடு போராடிக்கொண்டிருந்தாள்.

"எத்தன?" என்றாள்.

சொன்னேன்.

"சரி. அடுத்த ஆட்டம் ஞாயித்துக்கிழமை" என்றாள். மலாக்கி நொண்டிக்கொண்டு வந்து அவளிடமிருந்து வாளியை வாங்கிக்கொண்டார்.

அந்த வருடம் ஓர் ஆட்டம்கூட ஜெயிக்கவில்லை. மலாக்கி வந்த பிறகு ஓர் ஆட்டத்தையும் கைவிடவுமில்லை. குளிர்காலக் கூட்டத்தில் டிரம்கீலோடு சேரும் தீர்மானத்தைத் தலைவர் வாசித்தார். ஆதரவாக ஒரு கையும் எழவில்லை. அதன் பிறகு, கிழிந்த கோல் வலையை யார் தைப்பது என்று ஒரு மணிநேரம் சண்டை போட்டோம்.